மூன்று தடவை

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டுவலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

விமானப் பணிப்பெண் பயிற்சியில் நேற்று ஒரு ஒத்திகை. புகை வாடை வருவதாகக் கேப்டனிடம் சொல்ல வேண்டும். அவர் அசட்டை செய்தால் விடாமல் மூன்று தடவை சொல்ல வேண்டும். கேப்டனாக நடித்தவர், ஒன்றுமில்லை, போய் உட்கார் என்றார். நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டே அப்பாவும், "ஒண்ணும் இல்ல மக்ளே, வாயுதான்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நாம் இருவரும் அடங்கிவிட்டோம். சாயங்காலம் அவர் இல்லை.

ஒத்திகையில் தோற்றதால் வெள்ளிக்கிழமை மறுதேர்வு. செகந்திராபாத் விடுதியில் என்னோடு ஒத்திகை பார்க்க யாருமில்லை. பயிற்சிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் அழுதாலும் பரவாயில்லை, நீங்கள் போன் செய்து, அப்பா சொன்ன மாதிரியே சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் மூன்று தடவையும் சொல்கிறேன்.

உங்கள் பெனிட்டா