மைத்துனர் கொக்கியைக் கழற்றவில்லை

அனுப்புநர்:
கட்டட வரைபட வரைவாளர் (பணி ஓய்வு),
புதிய அடுக்குமாடிக் கட்டடத்தின் எதிர்வீடு,
மூன்றாம் மாடி.

பெறுநர்:
ஆய்வு அலுவலர் அவர்கள்,
கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: எதிர்க்கட்டடத்தில் கொத்தனார் விழுந்து இறந்தது – அவருடைய மைத்துனர் மீது பழி சுமத்தும் அறிக்கையைத் திருத்தவும், தொழிலாளர்களை ஒருவரோடு ஒருவர் பிணைப்பதை நிறுத்தவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மனு எழுதிப் பழகியவன் அல்லன். இதையும் எழுதி எழுதிக் கிழித்தேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் புரை நீக்கப்பட்டுள்ளது. என் சாட்சியத்தின் எடை என்ன என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும். ஆனால் எதிர்க்கட்டடத்தின் சாரம் என் பால்கனியிலிருந்து ஒரு சந்தின் அகலத்தில்தான் உள்ளது. அங்கே ஒருவர் இருமினாலும் எனக்குக் கேட்கும்.

2. தங்கள் அலுவலகத்தார் பார்வையிட வந்தபோது, உயரத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் இடுப்புவார் அணிந்து, அதன் கயிற்றுக் கொக்கியை மாட்டியிருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். நல்ல உத்தரவு. இடுப்புவார்கள் வந்தன; கொக்கிக் கயிறு மட்டும் இருவருக்கு ஒன்றுதான் வந்தது. கொக்கியை மாட்டுவதற்கு மேலிருந்து கயிறு எதுவும் கட்டப்படவில்லை. ஆகவே மேற்பார்வையாளர், தொழிலாளர்களை இருவர் இருவராக நிறுத்தி, ஒருவரின் கொக்கியை அடுத்தவரின் இடுப்புவார் வளையத்தில் மாட்டச் செய்தார். நாள்தோறும் அதைப் புகைப்படம் எடுத்துத் தங்களுக்கு அனுப்பினார். எல்லாக் கொக்கிகளும் மாட்டியிருப்பது படத்தில் நன்றாகத் தெரிந்திருக்கும்.

3. இறந்தவர் வெளிப்பூச்சு பூசிய கொத்தனார். அவரோடு பிணைக்கப்பட்டவர் அவருடைய மனைவியின் தம்பி. கலவை எடுத்துக் கொடுப்பவர். முதல் நாள் அவர், "மாமா, வீட்டுலதான் அக்கா உங்கள கட்டிப் போட்டிருக்கா. இங்க என்னையும் சேத்துக் கட்டிட்டாங்களே!" என்றார். கொத்தனார், "பேசாம கலவையக் குடு மாப்ள. உனக்கு ஒண்ணுன்னா உங்க அக்காகிட்ட யாரு ஏச்சு வாங்குறது?" என்றார். சாரம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

4. சம்பவத்தன்று கொத்தனார் நின்ற பலகையின் கட்டு அவிழ்ந்தது. அவர் கீழே போக, மைத்துனரின் இடுப்பிலிருந்து தொங்கினார். மைத்துனர் சாரக் கம்பை இரு கைகளாலும் கட்டிக்கொண்டார். கொத்தனார், "விட்டுடாத மாப்ள, விட்டுடாத" என்றார். கீழே நின்ற மேற்பார்வையாளர், "கழட்டுடா! ரெண்டு பேரும் போய்ச் சேரப் போறீங்க, கழட்டு!" என்று கத்தினார். "மாட்டேன் சார்! ஒரு கயிறு போடுங்க சார்!" என்று மைத்துனர் கதறினார். கயிறு யாரிடமும் இல்லை. மைத்துனரின் கைகள் கம்பை விட்டு அகலவே இல்லை என்பதை நான் உறுதியாகக் கூறுவேன். கொத்தனாரின் இடுப்புவாரில் வளையத்தின் தையல் பிரிந்தது. அவர் விழுந்தார்.

5. மைத்துனரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தபோது, அவருடைய கயிற்றின் நுனியில் கொக்கி மூடியபடியே இருந்தது. கொத்தனாரின் வளையம் அதில் மாட்டித் தொங்கியது. மேற்பார்வையாளர் மேலே வந்து வளையத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார்.

6. கட்டட வாயிலில் இப்போது, மேற்பார்வையாளர் சொன்னதை வைத்து எழுதிய ஓர் அறிக்கை தங்கள் அலுவலக முத்திரையுடன் ஒட்டப்பட்டுள்ளது. "உடன் பணிபுரிந்தவர் அச்சத்தால் கொக்கியைக் கழற்றியதே மரணத்துக்குக் காரணம்" என்கிறது. கணவரின் துணிப்பையை வாங்கிப் போக வந்த மனைவிக்கு அதை வாசித்துக் காட்டினார்கள். அவர் தம்பியிடம், "கழட்டுறப்ப என் மூஞ்சி உனக்கு ஞாபகம் வரலையாடா?" என்று மட்டும் கேட்டார். "நான் கழட்டலக்கா" என்றவரை மேற்பார்வையாளர் தோளில் தட்டி, "பயத்துல கழட்டிட்டான்மா. பாவம், அவனுக்கே தெரியாது" என்றார்.

7. ஐயா, அந்தச் சொல் வேலை செய்துவிட்டது. மறுநாள் அந்த இளைஞர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "பெரியவரே, நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்களாமே. நான் கழட்டலதானே?" என்று கேட்டார். நீங்கள் கழற்றவில்லை என்றேன். போனவர் மாலையில் திரும்பி வந்து அதையே கேட்டார். இன்றும் வந்தார்.

8. கொத்தனாரின் நீல நிற இடுப்புவார், வளையம் வைத்து வெள்ளை நூலால் தைக்கப்பட்டு, புதிதாக வந்த ஒருவரின் இடுப்பில் இருக்கிறது. தையல் பிரிந்தது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. பிணைப்பதும் நிற்கவில்லை. ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள். இன்று காலை மேற்பார்வையாளர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "இனிமே சொந்தக்காரன சொந்தக்காரன்கூட மாட்டாதீங்க. அவசரத்துக்குக் கழட்ட மனசு வராது" என்றார்.

கழற்றியதால் மரணம் என்கிறது அறிக்கை. கழற்ற மனம் வராததே குறை என்கிறது புதிய ஏற்பாடு. இரண்டும் ஒரே மனிதரின் வாயிலிருந்து வந்தவை. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. என் தருக்கத்தில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

ஆகவே, தாங்கள் முன்னறிவிப்பின்றி நேரில் வந்து, அந்த நீல இடுப்புவாரை அணிந்திருப்பவரை முதலில் கீழே இறக்குமாறும், கொக்கிகளை மாட்டுவதற்குக் கட்டடத்தின் மேலிருந்து உறுதியான கயிறுகள் கட்டப்படும்வரை எவரையும் மேலே ஏற்ற வேண்டாம் என ஆணையிடுமாறும், அறிக்கையைத் திருத்துமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணைக்கு வருவேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆயினும் வருவேன்.

திருத்திய அறிக்கையின் படியொன்றைக் கொத்தனாரின் மனைவிக்கும் அனுப்ப வேண்டும். நான் பார்த்ததை அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு, "நீங்க நல்ல மனுசன், என் தம்பிக்காகச் சொல்றீங்க. அங்க முத்திரை குத்தி ஒட்டியிருக்காங்களே ஐயா" என்று சொல்லிச் சாத்திக்கொண்டார். தம்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
எதிர்வீட்டு வரைவாளர்