ஆறாவது சீட்டு

ஸ்வேல்டேல்
9 மார்ச் 1904

ஹெஸ்டருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. இங்கே பனி இன்னும் விடவில்லை. இரண்டு ஆடுகள் நாளுக்கு முன்பே குட்டி போட்டுவிட்டன. உன் அம்மாவின் முட்டிவலி தேவலை.

நீ வேலை பார்க்கும் வட்டாரப் பேச்சு அகராதியின் புதுப் பாகம் வந்தது. பாதிரியார் அதை வாசகசாலைக்கு எடுத்துப்போய், நம் ஊர்ப் பேச்சு அச்சேறிய இடங்களையெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் உரக்கப் படித்திருக்கிறார். தன் வாக்கியம் வந்ததும் ஒவ்வொருவரும் மீசையைத் தடவிக்கொண்டார்களாம். பிறகு ‘சாட்’ வந்தது.

அந்த ஒரு பழைய சொல்லுக்காக என் அடுப்படியிலேயே எத்தனை நாள் கிடந்தாய்! வயிறு முட்டச் சாப்பிட்டவன், அசையாத மனசுக்காரன், கனத்த இஸ்திரிப்பெட்டி, மங்கல் துணி, எழும்பாத ரொட்டி. அர்த்தத்துக்கு ஒரு சீட்டு, அதில் சொன்னவர் பெயர், தேதி. ஐந்தையும் சந்தோஷமாகத்தான் சொன்னேன். ஆறாவதை, துக்கம் என்கிற அர்த்தத்தை, அழுதுகொண்டு சொன்னேன். கல்யாணமாகி முதல் குளிர்காலம் அது. “இவரக் கட்டுன நாள்லேருந்து நான் சாட்டாத்தான்டி கெடக்கேன்” என்றேன். உன் பேனா ஓடுவதைப் பார்த்துக் கையைப் பிடித்தேன். “பைத்தியமே, வீட்டுக்குப் போனதும் அடுப்புல போட்டுடறேன்” என்று சத்தியம் செய்தாய். உன்னை நம்பினேனே, என்னைச் சொல்லவேண்டும்.

இப்போது அது அச்சில் இருக்கிறது. ஊர்ப் பெயர், ‘தா. ஆ., ஆட்டுப்பண்ணைக்காரர் மனைவி’ எல்லாம் போட்டு. என் வீட்டுக்காரர் கத்பெர்ட் பின்பெஞ்சில் இருந்தார். “என்னப்பா, வீட்டுல ரொட்டி எழும்பவே இல்லியா?” என்று எவனோ கேட்க, எல்லோரும் சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும், “நீ சொன்னதா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம், ஆனால் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி, உங்களைச் சரியாகத் தெரியாதபோது என்றேன். “புஸ்தகத்துல வருஷம் போடலியே, தாமசின். இப்ப நீ வேற என்ன சொல்லுவே?” என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ரொட்டி சுடும் நாளெல்லாம் அடியைத் தட்டிப்பார்த்து, “எழும்பிருச்சு” என்று சொல்லும் மனுஷன் அவர். இப்போது தட்டுவதில்லை. ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுகிறார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொன்னால் பயந்து சொல்கிறேன் என்பார்.

ஹெஸ்டர், உன்னிடம் கேட்கவே கூசுகிறது. அச்சான சீட்டுகளைக் கட்டிப் பெட்டியில் வைப்பீர்கள் என்று ஒருமுறை எழுதினாய். என்னுடையதைத் தேடி அனுப்பு. என் வாயை நம்பாதவர், உன் கையெழுத்தில் இருக்கும் தேதியை நம்புவார்.

அன்றே அதை எரிக்காததற்கு உன்னை நான் மன்னிக்கமாட்டேன். தயவுசெய்து, இப்போது மட்டும் எரித்துவிடாதே.

உன் தோழியாக இருந்த
தாமசின் ஆல்டர்சன்