பல்லுக் கூட்டின மோட்டார் சைக்கிள்

இஞ்சாருங்கோ,

குசினிக்குள் கிறீஸ் மணம் இன்னும் போகவில்லை. போன கிழமை அந்த மணத்துக்கு, நீங்கள்தான் வந்து நிற்கிறீர்களாக்கும் என்று திரும்பிவிட்டேன். பேத்தி நின்றாள். உங்கட மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில், செயின் ஓடுகிற அந்தப் பெரிய பல்சில்லைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். "முதல் இருந்த சின்னச் சைஸுக்கே மாத்திட்டன் அப்பம்மா. இனிப் பறக்கும்" என்றாள். நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் தைக்கிற துணிக்கட்டுகளைப் புறக்கோட்டையிலிருந்து ஏற்றிவர அந்தச் சைக்கிள் முக்குகிறது என்றுதானே அந்தப் பெரிய சில்லைப் போட்டீர்கள். "பல்லுக் கூடினால் இழுவை கூடும், ஓட்டம் குறையும். எங்களுக்கு இழுவைதான் வேணும்" என்றீர்கள். கிருலப்பனை கராஜிலிருந்து வந்து "பல்லு மாத்திட்டன் அம்மா" என்று நீங்கள் சொல்ல, மாமி பதறிப்போய் உங்கட நாடியைப் பிடித்து நிமிர்த்தினா. "எந்தப் பல்லடா? இரத்தம் நிண்டிட்டுதே? ஆவெண்டு காட்டு பாப்பம்!" நீங்களும் வாயைத் திறந்து காட்டினீர்கள். அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

மாமிக்கு மூச்சு இழுத்த அன்றைக்கு ஆடிவேல் திருவிழா. ஓட்டோக்காரர் எல்லாரும் வர மாட்டோம் என்றார்கள். உங்கட சைக்கிளிலேயே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம்; நீங்கள் முன்னுக்கு, மாமி நடுவில், பின்னால் நான் அவவைக் கட்டிப்பிடித்தபடி. காலிப் பட்டணத்துக்குப் போகிற அந்தப் பெருவீதி முழுக்கச் சனம். பம்பலப்பிட்டிச் சந்திக்கு நாங்கள் வரவும் தேரும் வந்தது. பொலிஸ்காரன் கையைக் காட்டி மறித்தான். வேலவருக்கு வழி விட்டார்கள், மாமிக்கு விடவில்லை. என் கைக்குள்தான் அவ அடங்கினா.

செத்தவீட்டில், அத்தனை சனத்துக்கு முன்னால் உங்கட தம்பி சொன்னார். "பழைய பல்லோட ஓடியிருந்தால் தேர் வரமுன்னம் சந்தியைக் கடந்திருக்கலாம் அண்ணை. நீங்கள் மூட்டை இழுக்கிற வண்டியிலயெல்லோ அம்மாவைக் கொண்டு போனீங்கள்."

அன்றோடு நான் அவரோடு கதைப்பதை விட்டேன். நீங்கள் அதற்குப் பிறகு என்னைத் தவிர ஒருவரோடும் கதைக்கவில்லை. அந்தச் சில்லைக் கழற்றவும் இல்லை. அதைத் துடைக்கிறபோதெல்லாம் "இந்தப் பல்லுத்தான் அம்மாவைத் திண்டது" என்பீர்கள். சாகக் கிடந்தபோதும் அதைத்தான் சொன்னீர்கள். மறுத்துச் சொல்ல என்னிடம் அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது இருக்கிறது, கேளுங்கோ. பேத்தி சில்லு மாற்றினவுடன் என்னை ஏற்றிக்கொண்டு அதே வீதியால் போனாள். "பிள்ளை, ஏலுமான வேகத்தில போ பாப்பம்" என்றேன்.

"எங்க அப்பம்மா போறது? முன்னுக்கு பஸ், பக்கத்தில ஓட்டோ. வெறும் ரோட்டிலதான் இது ஓடும். இஞ்ச நிண்டு நிண்டு எடுக்கேக்க ரெண்டு பேருக்கே அடைக்குது, பாத்தீங்களே?"

பார்த்தேன். ஒவ்வொரு லைட்டிலும் அது இருமி இருமித்தான் கிளம்பியது. ரெண்டு பேருக்கே இப்படியென்றால், அன்றைக்கு மூன்று பேரோடு, அந்தச் சனத்துக்குள்? பழைய பல்லென்றால் சந்தியைக்கூடக் கண்டிருக்க மாட்டோம். நீங்கள் கூட்டின பல்லுத்தான் மாமியை அவ்வளவு தூரமாவது கொண்டு போனது. உங்களில் பிழை இல்லை. பிள்ளையின் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். அவள் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தாள்.

நேற்று உங்கட தம்பிக்கு லண்டனுக்கு நானே போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நானோ மச்சாள் அப்பிடிச் சொன்னனான்? எனக்கு ஞாபகமே இல்லை."

பொய் சொல்லவில்லை. குரலில் தெரிந்தது, உண்மையிலேயே மறந்துபோனார். நீங்கள் சாகும்வரை சுமந்த சொல்லைச் சொன்னவர் அன்றைக்கே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போனை வைத்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தேன். நீங்கள் இல்லை, அவருக்கு நினைவில்லை. அந்தச் சொல் இனி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் மறக்க மாட்டேன்.