வடக்குச் சுவரில் அம்மாவின் கல்

வின்டர்லி, நார்ஃபோக்
மார்ச், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரோவெனாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் முழங்கால் வலி தவிர எனக்குக் குறையில்லை, நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நம் கோவிலில் நடந்ததைக் கேட்டால் நீயும் என்னைப்போல் திகைத்துப்போவாய். வடக்குச் சுவரில் ஓதம் ஏறுகிறதென்று கொத்தனார் டெரெக் அம்மாவின் நினைவுக்கல்லுக்குக் கீழே சுண்ணாம்பைச் சுரண்டினார், உள்ளேயிருந்து ஒரு மீன் வந்தது. மீனுக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் நிற்கும் ஒரு பெரிய கால். “பெரியவரே, யாரிது, குளிக்க எறங்கிட்டாரா?” என்று அவர் சிரித்தார், நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆறு கடக்கும் புனித கிறிஸ்தோபரின் பழைய சுவரோவியம். வாசலில் நின்று அவரைப் பார்க்கிறவனுக்கு அன்றைக்குத் துர்மரணம் வராதென்று நேரெதிரே வரைவார்கள். ராஜாவின் ஆட்கள் கோவில் படங்களையெல்லாம் அழிக்கச் சொன்ன காலத்தில் சுண்ணாம்பு பூசி மறைத்திருக்கிறார்கள்.

நான் எழுதிய கோவில் வரலாற்றில் அந்தச் சுவர் புயலில் விழுந்து விக்டோரியா ராணி காலத்தில் புதிதாகக் கட்டியது என்றிருக்கிறது. பள்ளிக்கூடம் தாண்டாதவன் என்றாலும் கல் கல்லாகத் தடவிப் பார்த்து எழுதியவன் நான். புதுச் சுவர்தானே என்று அதை நம்பித்தான் அங்கே அம்மாவின் கல்லைப் பதிக்க அனுமதி தந்தார்கள். விழுந்தது கிழக்கு மூலை மட்டும்தானாம். “என்ன ஆம்புரோஸ், உன் ராணி சுவருக்குக் கால் மொளச்சிடுச்சாமே!” என்று மணியடிக்கிற செசில் தபால் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் கேட்கிறான்.

நேற்று பாதிரியார் ஜூடித் நம் வீட்டுக்கே வந்து, “புனிதரோட முகம் உங்க மனைவி ஐவியோட கல்லுக்குப் பின்னாடிதான் இருக்கணும் ஐயா, கழட்டித் தெற்கே வெச்சிடலாம், கோவிச்சுக்காதீங்க” என்றார். முடியாது என்றேன். கல்லறைத் தோட்டத்தில் வடக்குப் பக்கம் யாரும் படுக்க விரும்பாத இடம், அங்கேதான் கூட்டமில்லை என்று உன் அம்மா கேட்டு வாங்கிப் படுத்திருக்கிறாள். கல்லுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள். சுவரைப் பற்றி நான் எழுதியது தப்பாகவே இருக்கட்டும், அவளைப் பற்றிக் கல்லில் எழுதியதில் ஒரு எழுத்தும் தப்பில்லை.

கல்லை எடுக்க உன் சம்மதமும் வேண்டுமாம், உனக்கு எழுதுவார்கள். கையெழுத்துப் போடாதே. இத்தனை நூறு வருஷம் முகம் காட்டாத புனிதர் என் காலம் வரை பொறுக்கட்டும். பிறகு நீ வந்து உன் கையாலேயே கழற்று, வேறு யாரும் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் அப்பா,
ஆம்புரோஸ்