வெறும் char

அல்லிநகரம்,
4.3.2025

நாகஜோதிக்கு,

மாமன் மொக்கைச்சாமி எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி? எண்ணெய் கொடுத்தனுப்பினேன்; வந்ததா என்றுகூட அக்கா சொல்லவில்லை.

சின்னமனூர் குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் என் புரோகிராம் ஒன்பது வருஷம் பழைய கம்ப்யூட்டரில் ஓடியது. கல்லூரி வாசல் பார்க்காதவன், இரவல் புத்தகத்தில் C மொழி படித்து எழுதியது. ஒருநாள் தப்பவில்லை. நீ அதை உள்ளங்கை அகலப் புதுக் கம்ப்யூட்டர் போர்டுக்கு மாற்றினாய். மறுவாரமே கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, விவசாயி கஸ்தூரியம்மாளின் பன்னீர் திராட்சை உறைந்து கல்லானது. முதலாளி முத்துராஜா கேட்டபோது, "போர்ட மாத்துன பிள்ளையக் கேளுங்க" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். உன்னை வேலையைவிட்டு நிறுத்தியதற்கு நான் பொறுப்பில்லை. புரோகிராமின் தலைப்பிலிருந்து உன் பெயரையும் எடுத்துவிட்டேன்.

மொக்கைச்சாமி

ஆண்டிபட்டி,
9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள். "எந்தம்பி கோவக்காரன், கெட்டவன் இல்ல" என்கிறாள்.

போனை எடுக்க மறுக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். வெப்பநிலையை வெறும் char என்ற சின்ன எண் வகையில் வைத்திருக்கிறீர்கள். அதில் கழித்தல் எண் நிற்குமா என்பதை C விதி, புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் அந்தந்தக் கம்பைலருக்கே விட்டிருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் நின்றது. புதுப் போர்டில் நிற்காது. மைனஸ் ஒன்று அங்கே 255 ஆகிவிடும். ‘பூஜ்யத்துக்குக் கீழே போனால் கம்ப்ரசரை நிறுத்து’ என்ற உங்கள் வரி அங்கே ஒருநாளும் நடக்காது. signed char என்று எழுதினால் இரண்டிலும் சரியாக ஓடும்.

போர்டை மாற்றிய அன்றைக்கே சொன்னேன். "எம் புரோகிராம்ல ஒரு எழுத்து கூடவும் கூடாது, கொறையவும் கூடாது" என்றீர்கள். கம்பைலரின் எச்சரிக்கைகளை வாயடைக்க நீங்கள் போட்ட -w-ஐயும் எடுக்க விடவில்லை. ஒரே ஒருமுறை அதை எடுத்துவிட்டு, புதுப் போர்டில் கம்பைல் செய்து பாருங்கள்.

கம்பத்தில் ஒரு கிடங்கில் என்னைக் கூப்பிட்டார்கள். முத்துராஜா ஐயாவிடம் விசாரித்தபிறகு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நாகஜோதி

அல்லிநகரம்,
21.3.2025

அன்புள்ள நாகஜோதி,

-w-ஐ எடுத்தேன். முதல் எச்சரிக்கையே அந்த வரியைக் காட்டி, இந்த நிபந்தனை எப்போதும் பொய் என்றது. அதன் வாயையும் உன் வாயையும் அடைத்தவன் நான்.

அப்போதும் நாலு நாள் கம்பைலரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு விவசாயிகள் கூடியிருந்த நேரமாகப் பார்த்து முத்துராஜாவிடம் சொன்னேன். கஸ்தூரியம்மாள், "ஏலே, பிள்ள மேல பழியப் போட்டுட்டு இத்தன நாளா காப்பி குடிச்சிக்கிட்டா இருந்த?" என்றாள். கம்பத்துக்கும் பஸ் ஏறிப் போனேன். வேறு ஆள் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

முத்துராஜா உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறார். எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? தலைப்பில் உன் பெயரை மறுபடி எழுதினேன். signed என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த உரிமை உன்னுடையது. நீ வரும்வரை கிடங்கில் உட்கார்ந்து, வெப்பமானியைப் பார்த்து, கம்ப்ரசரைக் கையால் நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

மாமா

ஆண்டிபட்டி,
25.3.2025

அன்புள்ள மாமா,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காப்பி வரியில் சிரித்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சொல்லை நான் வந்து எழுதினால், மறுபடியும் நான் மாற்றியதாகத்தான் இருக்கும். நீங்களே எழுதுங்கள். எழுதிவிட்டு, கம்ப்ரசரிலிருந்து கையை எடுங்கள். அது தானாக நின்றதும் சொல்லியனுப்புங்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

நாகஜோதி