வலது கண்ணில் விழுந்த திரை

மார்ச் 3
பேருந்தைப் பணிமனையில் விடும்போது வலது கண்ணோரம் மின்னல் வெட்டியது. வானமோ தெளிவு. கண்ணுக்குள் மை தெறித்தாற்போலப் புள்ளிகள் மிதக்கின்றன. தூக்கம் போதவில்லை போல.

மார்ச் 5
அதே கண்ணில் கீழிருந்து கறுப்பாக ஒரு திரை. கசக்கினாலும் போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், "களைப்புதாம்மா, ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார். நம்பத்தான் ஆசை.

மார்ச் 6
லீவு. படுத்தே கிடக்கிறேன். திரை ஏறுகிறது.

மார்ச் 7
இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். தலைமுடி தெரிந்தது. முகம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு முகமே இல்லை!

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விழித்திரை கழன்றுவிட்டதாம். "நடுப்பகுதி ஒட்டிட்டு இருக்கும்போதே வந்திருந்தா உடனே ஆபரேஷன் பண்ணி, பார்வையைப் பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இப்ப நடுவும் கழண்டுடுச்சு. நாளைக்கே ஒட்ட வைக்கிறேன். எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது."

அப்போ வண்டி ஓட்டுறது? நான் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார். "முதல்ல கண்ணு" என்றார் டாக்டரம்மா.

அந்த ரெண்டு நாளை நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?

மார்ச் 9
(அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன் — வீட்டுக்காரர்.)
ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்திருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, நான் குப்புறவே கிடக்க வேண்டும். தரையும் இவர் பாதமும்தான் காட்சி. நகம் வெட்டச் சொல்லிவிட்டேன்.
(வெட்டிவிட்டேன்.)

மார்ச் 29
குமிழி சுருங்குகிறது. பார்வைக்குள் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு தளும்புகிறது. அதற்கு மேலே வெளிச்சம்!

ஜூன் 14
குமிழி கரைந்து நாளாகிவிட்டது. கதவுச் சட்டம் நெளிந்தே தெரிகிறது. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். "துடைச்சா போச்சு" என்றார்.
"துடைச்சா என் கண்ணு வந்துடுமா?"
அவர் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 2
எழுத்துப் பலகையில் போன தடவையைவிட மூன்று வரி கூடுதலாகப் படித்தேன். இதற்குமேல் பெரிதாக ஏறாது என்றார் டாக்டரம்மா. பயணிகளை ஏற்றிப்போக இது போதாது. சாவியை ஒப்படைத்தேன். புதிதாகச் சேர்பவர்களைப் பழக்கித் தரச் சொல்கிறார் மேலாளர்.

ஜனவரி 20
புதிதாகச் சேர்ந்தவள் ஓட்ட, பக்கத்தில் நான். என் கால் சும்மா சும்மா பிரேக்கைத் தேடியது. வெறும் தரை.

சந்திப்பில், "அக்கா, நான் இடப்பக்கம் பாக்கறேன், வலப்பக்கம் நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன்.

"லாரி வருது. பொறும்மா."