சீட்டில் இருந்த மூன்றாவது பெயர்

அத்தை,

இன்று காலை சிதம்பரத்திலிருந்து பிரசாதக் கவர் வந்தது. போஸ்ட்மேன் வழக்கம்போல உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "அவுங்க இல்லிங்க" என்று சொல்ல வாய் வராமல் கையை மட்டும் நீட்டினேன். பிரிப்பதற்கு முன்பே திருநீற்று வாசனை. நீங்கள் போய் இருபது நாளாகிறது. நம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு நடையில் நீங்களே வந்து நிற்பது போலிருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். அழுததோடு விட்டிருக்கலாம், கவரைப் பிரித்தேன்.

இத்தனை வருடமும் அதைப் பிரித்தது நீங்கள்தான். குடிகாட்டுக் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நான் வருவதற்குள் திருநீறும் குங்குமமும் பித்தளைச் சம்படத்துக்குப் போயிருக்கும். யார் யார் பெயருக்கு அர்ச்சனை நடந்தது என்று தீட்சிதர் வீட்டில் எழுதி உள்ளே வைக்கிற சீட்டை நான் பார்த்ததே கிடையாது. இன்று பார்த்தேன். முதலில் உங்கள் பெயர். அடுத்து, கலா, ரேவதி நட்சத்திரம். அது நான். மூன்றாவதாக, ஸ்டீபன், அனுஷம்.

ஸ்டீபனுக்கு ஏது அத்தை அனுஷம்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷன். தன் நட்சத்திரம் அவருக்கே தெரியாது. பிறந்த தேதியையும் நேரத்தையும் அவர் சொல்லி, யாரோ பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால்தான் உண்டு. யாரோ என்ன யாரோ! முப்பது வருடப் பஞ்சாங்கத்தைக் கட்டிப் பரண்மேல் வைத்திருந்தவர் இந்தத் தெருவிலேயே நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் மகன் 2006இல் போனபோது, காரியத்தன்று என் பொட்டை அழிக்க வந்தவர்களுக்குக் குறுக்கே நீங்கள் நின்றீர்கள். "போனது எம் புள்ள. இவ நெத்திய எதுக்கு அழிக்கிறீங்க? எவளாச்சும் கிட்ட வாங்க, பாக்குறேன்!" ஒருத்தியும் வரவில்லை. அதன்பிறகு மாதா மாதம் சிதம்பரத்துக் குங்குமத்தை உங்கள் விரலால்தான் வைத்துவிட்டீர்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என்னைக் கூட்டிப் போக வந்த அம்மாவிடம், "அத்தைய விட்டுட்டு எங்கயும் வரல" என்றேன். பெற்றவளைவிட உங்களை நம்பினேன்.

2009இல் ஸ்டீபன் என்னிடம் கேட்டார். கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ், நான் லேப். கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வீட்டுக்கு வந்து பேசட்டுங்களா?" என்றார். எனக்குள் சந்தோஷம்தான். ஆனால் நான் சொன்ன பதில் இருக்கிறதே, அதற்கு என்னையே அறையலாம். "எங்க அத்தைகிட்ட பேசுங்க. அவுங்க சரின்னா எனக்கும் சரி. அவுங்க வேணாம்னா எங்கிட்ட வந்து காரணம் கேக்கக் கூடாது."

இரண்டு வாரம் தினமும் வீட்டுக்கு வந்ததும் கேட்பேன். "யாராச்சும் வந்தாங்களா அத்தை?"

"யாரு வரப்போறா? கேபிள்காரன் வந்துட்டுப் போனான்."

அப்புறம் அவர் என் முகத்தையே பார்ப்பதில்லை. தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நான் உங்கள் மடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினேன். எதுவுமே தெரியாதவர் மாதிரி என் தலையைத் தடவிக்கொண்டே, "ஆம்பளைங்க அப்படித்தாண்டி. விடு" என்றீர்கள். எப்படி அத்தை முடிந்தது?

அடுத்த மாதம் என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனீர்கள். சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார வைத்து, "நீ வெயில்ல அலையாத. தீட்சிதரப் பாத்துட்டு ஓடியாறேன்" என்று போனீர்கள். என்மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள். அன்றைக்குத்தான் அந்த மூன்றாவது பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று வருடமாக அவர் பெயருக்கு அர்ச்சனை செய்த குங்குமத்தை என் நெற்றியிலேயே வைத்துவிட்டிருக்கிறீர்கள்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவருக்குப் போன் செய்தேன். பழைய நம்பர்தான். "எங்க வீட்டுக்கு வந்தீங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"ரெண்டு தடவ வந்தேனே. மொத தடவ காபி குடுத்தாங்க. பொறந்த தேதி, நேரமெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாங்க. நல்லாத்தான் பேசுனாங்க. மறுவாரம் போனா, 'அவளுக்கு இஷ்டமில்ல தம்பி, நேர்ல சொல்ல சங்கடப்படுறா'ன்னாங்க." என்றவர், "காரணம் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

பரணில் ஏறி, அவர் வந்துபோன வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தேன். பின்னட்டையில் உங்கள் கோழிக் கிறுக்கல். ரேவதி, அனுஷம், பத்துக்கு எட்டு. பொருந்தவில்லை என்றால் என்னிடமே சொல்லிச் சிரித்திருப்பீர்கள். பொருந்திவிட்டது. அதுதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. மகனும் இல்லை, இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யாரோடு பேசுவது என்று தோன்றியிருக்கும். மதம், ஊர்வாய் எதற்கும் பயந்தவர் இல்லை நீங்கள். தனியாகச் சாப்பிடப் பயந்திருக்கிறீர்கள். அவரைத் திருப்பி அனுப்பிய உறுத்தலில்தான் மாதா மாதம் அவர் பெயருக்கு அர்ச்சனையும் செய்திருக்கிறீர்கள்.

நான் உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பேன் அத்தை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவே இல்லையே.

அவர் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போனை வைக்கும் முன், "இப்ப வரட்டுங்களா?" என்றார். "ஞாயித்துக்கிழம வாங்க. இந்தத் தடவ எங்கிட்டயே பேசுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மத்தியானம் தீட்சிதருக்குக் கடிதம் எழுதினேன். இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை கிடையாது என்பதால் உங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். இருந்த ஆத்திரத்தில், அதை எழுதினால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. மற்ற இரண்டு பெயரும் அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கவரை ஒட்டினேன்.

பிறகு கண்ணாடி முன் நின்று இந்த மாதக் குங்குமத்தை முதல்முறையாக நானே வைத்துக்கொண்டேன். நீங்கள் வைக்கிற அதே இடத்தில்தான். வேறு இடத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை.